மீனை விடுவதற்கு முன்னால் எண்ணெய் டின்னைப் பாருங்கள்: தங்கச்சிமடத்துத் தம்பிக்கு ஒரு பதில்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 34, உயரம் 168 சென்டிமீட்டர், எடை 91 கிலோ. மூன்று மாதச் சராசரி சர்க்கரை, அதாவது எச்பிஏ1சி, 6.2. ரத்தத்தில் இருக்கிற ஒரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 240. டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லிவிட்டார். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் சொட்டு எண்ணெய் இல்லாமல், பால், முட்டை, மீன், கறி எதுவும் தொடாமல் இளைத்துப்போன வீடியோவைப் பார்த்திருக்கிறார். "தினமும் மீன் குழம்பு கொதிக்கிற வீட்டில் இது நடக்குமா அக்கா? மீனை விட்டால்தான் இளைக்க முடியுமா? அம்மாவும் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுறாங்க, அவங்களும் சேர்ந்து செய்யலாமா?" இவ்வளவுதான் கேள்வி.

நடக்கும் தம்பி. ஆனால் நம் பக்கத்தில் இதைத் தொடங்குகிறவர்கள் முதல் வேலையாக மீனை நிறுத்துகிறார்கள், அப்புறம் மீன் இல்லாமல் சோறு இறங்காது என்று அப்பளமும் வத்தலும் உருளைக்கிழங்கு வறுவலும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள், சோறு இன்னும் ஒரு கரண்டி கூடுகிறது. இரண்டு மாதம் கழித்து எடை இருந்த இடத்திலேயே இருக்கும், "நமக்கெல்லாம் சைவம் ஒத்துவராது" என்று சொல்லிவிட்டு மீன் கடைக்குப் போய்விடுவார்கள். நான் உச்சிப்புளியில் பிறந்து, ராமநாதபுரத்தில் உணவு ஆலோசனை சொல்லிக்கொண்டிருப்பவள். இந்த வரிசையை அடிக்கடி பார்க்கிறேன். என் வரிசை வேறு: முதலில் எண்ணெயும் தேங்காயும், அடுத்து சோற்றின் அளவு, மீன் கடைசி.

உங்கள் உடல் நிறை குறியீடு, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, 32க்கு மேல் வருகிறது. நம் மாதிரி ஆசிய உடம்புக்கு 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 25ஐத் தாண்டினால் உடல் பருமன். வயிற்றுச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதற்குள் இருக்க வேண்டும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் தையல்காரர் நாடாவை வைத்து நீங்களே அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எடை மெஷினை விட இந்த நாடா பல நேரம் உண்மை பேசும்.

இப்போது அடுப்படிக்கு வருவோம். உங்கள் வீட்டு மளிகைச் சீட்டை எடுங்கள். நாலு பேர் இருக்கிற வீட்டில் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், பாமாயில் எல்லாம் சேர்த்து மாதம் ஐந்து லிட்டர் போவது நம் ஊரில் பெரிய விஷயமே இல்லை. ஐந்து லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 4,550 கிராம். நாலு பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம் வரும். ஒரு கிராம் மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 கலோரி, கொழுப்பில் 9 கலோரி. ஆக 340 கலோரிக்கு மேல் எண்ணெயாகவே உள்ளே போகிறது, அதில் வயிறு நிறைவது என்பது துளியும் கிடையாது. ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் எண்ணெய் என்று போட்டிருக்கிறார்கள். அதுவே சாதாரணமாக இருப்பவருக்கு, எடை குறைக்க வேண்டியவருக்கு இல்லை.

தேங்காய் இந்தக் கணக்கில் இன்னும் வரவில்லை. பாதி வீடுகளில் அது கொல்லையிலேயே விழுவதால் மளிகைச் சீட்டிலும் வராது. ஒரு தேங்காயில் 300 கிராம் பருப்பு என்று வைத்துக்கொண்டால் அதில் நூறு கிராம் கொழுப்பு இருக்கிறது, அதில் பெரும்பங்கு நிறைவுற்ற கொழுப்பு. காலை சட்னிக்கு அரை மூடி, மதியக் குழம்புக்கு ஒரு மூடி, இரவு இடியாப்பத்துக்குப் பால் பிழிய மிச்சம் என்று ஒரு நாளைக்கு ஒரு காய் உடைக்கிற வீட்டில் ஆளுக்கு 25 கிராம் கொழுப்பு, 225 கலோரி. எண்ணெயோடு சேர்த்தால் 560ஐத் தாண்டுகிறது. மீன் இன்னும் சட்டிக்கே வரவில்லை, பாருங்கள்.

இதையே மாதத்துக்கு ஒன்றரை லிட்டர் எண்ணெய், வாரத்துக்கு இரண்டு தேங்காய் என்று கொண்டுவந்தால், சோற்றில் கை வைக்காமலேயே ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கலோரி போல குறைகிறது. காகிதக் கணக்குப்படி மாதம் ஒன்றரை கிலோ. உடம்பு காகிதத்தை அப்படியே மதிக்காது, போகப்போக வேகம் குறையும், ஆனாலும் திசை இதுதான். செக்கெண்ணெய்தானே அக்கா என்று கேட்பீர்கள். செக்கில் ஆட்டினாலும் ஆலையில் சுத்திகரித்தாலும் கிராமுக்கு 9 கலோரிதான். செக்கெண்ணெய் வாசமாக இருக்கும், கொஞ்சம் விட்டாலே ருசி தெரியும் என்பது அதன் லாபம், அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்த வீடியோக்காரர் சொல்வதற்குப் பின்னால் நிஜமான ஆராய்ச்சி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1939இலேயே அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்ற ஜெர்மானிய டாக்டர், சிறுநீரகக் கோளாறும் கடுமையான ரத்த அழுத்தமும் இருந்தவர்களுக்குச் சோறும் பழமும் சர்க்கரையும் மட்டும் கொடுத்து வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். ஆமாம், சோறுதான். உப்பும் கொழுப்பும் ஏறக்குறைய இல்லாத சோறு, தினமும் டாக்டர் கண்காணிப்பில். 1990இல் டீன் ஆர்னிஷ் இதய நோயாளிகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், கலோரியில் 10 சதவீதம் மட்டுமே கொழுப்பு உள்ள சைவ உணவு, கூடவே நடை, புகை நிறுத்தம், மன அழுத்தத்துக்குப் பயிற்சி எல்லாம் சேர்ந்து, ரத்தக்குழாய் அடைப்பைக் கொஞ்சம் பின்வாங்க வைத்தது. உணவு மட்டுமே செய்தது என்று அதைச் சொல்ல முடியாது, ஆனாலும் அதுவரை அடைப்பு திரும்பாது என்றே பலரும் நினைத்திருந்தார்கள்.

எடை விஷயத்துக்கு எனக்குப் பிடித்தது 2017இல் நியூசிலாந்திலிருந்து வந்த ஆய்வு. சின்ன ஊர், 65 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை, இன்னொரு பாதிக்கு எண்ணெய் தவிர்த்த முழுத் தாவர உணவு. அளவு பார்க்க வேண்டாம், வயிறு நிறையச் சாப்பிடுங்கள் என்றே சொன்னார்கள். ஒரு வருடம் முடிந்தபோது அவர்களுக்குச் சராசரியாக 11.5 கிலோ குறைந்திருந்தது. பட்டினி போடாமல் எப்படி என்பதற்கு 2021இல் கெவின் ஹால் குழுவின் சோதனையில் பாதி பதில் இருக்கிறது. அமெரிக்க அரசு ஆராய்ச்சி மருத்துவமனையில் 20 பேரைத் தங்க வைத்து, இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவு, இரண்டு வாரம் மாவுச்சத்து குறைந்த கறி உணவு, இரண்டும் இஷ்டத்துக்குச் சாப்பிடலாம் என்று விட்டார்கள். தாவர உணவின்போது அவர்கள் தாங்களாகவே ஒரு நாளைக்கு 689 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள், பசி என்று யாரும் கூடுதலாகப் புலம்பவில்லை. அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது: தாவர உணவுக்குப் பிறகு ரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் மேலே ஏறின. சர்க்கரை நோயின் விளிம்பில் நிற்கிற உங்களுக்கு இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம்.

ஏனென்றால் நம் தட்டில் ஏற்கெனவே மாவுச்சத்து குவிந்து கிடக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2025இல் சொன்னது, இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து. அதிலும் பெரும்பகுதி வெள்ளை அரிசி, அரைத்த மாவு, சீனி. கொழுப்பைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் வெள்ளைச் சோற்றையும் இட்லியையும் ஏற்றினால் டிரைகிளிசரைடு ஏறும். இது பாடப்புத்தக விஷயம். உங்களுக்கு ஏற்கெனவே 240 இருக்கிறது. பீர், பிராந்தி ஏதாவது பழக்கம் இருந்தால் அதுவும் இதே எண்ணைத்தான் ஏற்றும், கேள்வியில் நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அதே இந்திய ஆய்வில், மாவுச்சத்தில் வெறும் 5 சதவீதக் கலோரியைப் பயறு மாதிரியான தாவரப் புரதமோ பால் புரதமோ பிடித்துக்கொண்டால் சர்க்கரை வரும் வாய்ப்பு குறைவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே எண்ணெய் போன இடத்துக்குச் சோறு வரக்கூடாது. பயறும் காயும் வர வேண்டும். மொத்த வித்தையும் இந்த இடமாற்றத்தில்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் விவரம்.

"தாவர உணவு" என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொண்டால் பரோட்டாவும் செடியிலிருந்து வந்ததுதான், மிக்சரும் செடிதான், டீக்கடை உளுந்த வடையும் செடிதான். கீழக்கரைத் தொதல் அல்வாவில் தேங்காய்ப் பாலும் அரிசியும் கருப்பட்டியும்தான், ஒரு துண்டு மீன் கிடையாது. அதைத் தினம் தின்று யாராவது இளைத்திருக்கிறார்களா?

சரி, மீன். அமெரிக்காவில் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த 60,000 பேரை வைத்து 2009இல் ஒரு கணக்கு வந்தது. எல்லாம் சாப்பிடுகிறவர்களின் சராசரி உடல் நிறை குறியீடு 28.8, கறி தொடாமல் மீன் மட்டும் சேர்த்துக்கொள்கிறவர்களுக்கு 26.3, பால்கூட இல்லாத முழுத் தாவரக்காரர்களுக்கு 23.6. சர்க்கரை நோயும் அதே படியில் இறங்கியது: 7.6, 4.8, 2.9 சதவீதம். ஆக மீன்காரர்கள் நடுவில் நிற்கிறார்கள். முழுசாக விட்டால் கூடுதல் பலன் இருக்கலாம், விடாவிட்டால் எல்லாம் போச்சு என்றும் இல்லை. ஒரு துண்டு பாறையோ விளமீனோ குழம்பில் வெந்தால் நூறு கிராமுக்கு நூறு கலோரி சுற்றிலும்தான். அதையே மாவும் மசாலாவும் தடவி எண்ணெயில் போட்டு எடுத்தால் மீன் தன் கலோரியோடு சட்டியின் கலோரியையும் தூக்கிக்கொண்டு வருகிறது. சாளை, சூடை மாதிரி கொழுப்பு மீனில் இருக்கிற ஒமேகா 3 இதயத்துக்கு நல்லது. அதை மொறுமொறுவென்று பொரித்துவிட்டு ஒமேகா பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கருவாடு பற்றி எழுதவே வேண்டாம், அதில் பிரச்சினை உப்பு. ஒரு நாள் முழுக்க 5 கிராம் உப்புதான் கணக்கு, ஒரு கருவாட்டுக் குழம்பிலேயே பெரும்பகுதி போய்விடும்.

உங்களுக்கு என் யோசனை இது: மூன்று மாதம் முழுத் தாவரமாகப் போக ஆசை இருந்தால் போங்கள். இல்லை, மனசு கேட்காது என்றால் வாரம் இரண்டு நாள் குழம்பு மீன் வைத்துக்கொண்டு மற்ற ஐந்து நாள் தாவரம். எனக்கு இரண்டாவதுதான் நம் ஊருக்குச் சரிப்படும் என்று படுகிறது, ஏனென்றால் வருடக்கணக்கில் நிற்கிற உணவுதான் எடையை வருடக்கணக்கில் நிறுத்தும். தொடங்குவதற்கு நல்ல சமயம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மீன்தான் வரும், விலையும் தாறுமாறாக இருக்கும். வீட்டில் மீன் குறைகிற அந்த நேரத்தில் மாற்றினால் யாருக்கும் பெரிதாக உறைக்காது. நுங்கு கிடைக்கிற காலமும் அதுதான். நுங்கில் கொழுப்பு ஏறக்குறைய இல்லை, தண்ணீர்தான் அதிகம், தோலோடு சாப்பிடுங்கள். பதநீரும் கருப்பட்டியும் வேறு கதை. கருப்பட்டி சர்க்கரைக்காரருக்கு நல்லது என்று அம்மாவிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அதுவும் சர்க்கரைதான்.

அம்மா சமைக்கிறார் என்பதால் சமையலை விவரமாகச் சொல்கிறேன், அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். நம் புளிக்குழம்பை எண்ணெய் மிதக்காமல் வைக்க முடியும். முண்டு மிளகாய், மல்லி, சீரகம், ரெண்டு மிளகை வெறும் சட்டியில் வறுத்துக்கொள்ளுங்கள். முண்டு மிளகாய்க்குத் தோல் தடிமன், எண்ணெய் இல்லாமலேயே நிறம் இறங்கும், தீ மட்டும் மெதுவாக இருக்கட்டும். சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடியை மண்சட்டியில் போட்டு, துளி உப்பு, ரெண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் அதன் தண்ணீரிலேயே வெந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அடி பிடிக்கிற மாதிரி இருந்தால் இன்னும் ரெண்டு ஸ்பூன் தண்ணீர். அதில் பாதி வெங்காயத்தை எடுத்து வறுத்த சாமானோடு சேர்த்து அம்மியிலோ மிக்சியிலோ அரைத்தால் தேங்காய் இல்லாத குறை தெரியாமல் குழம்பு கெட்டியாகும். போதவில்லை என்றால் வெந்த துவரம்பருப்பு ரெண்டு கரண்டி மசித்து விடுங்கள். மிச்ச வெங்காயத்தோடு தக்காளி, கத்தரிக்காய், முருங்கைக்காய், புளித்தண்ணீர், அரைத்தது. கொதித்து வற்றியதும் கடைசியில் சின்னக் கரண்டியில் ஒரே ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் காய வைத்து, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை பொரித்துக் கொட்டி உடனே மூடிவிடுங்கள். எண்ணெயை முதலில் விட்டால் அது குழம்புக்குள் காணாமல் போகும், கடைசியில் விட்டால் அந்த ஒரு டீஸ்பூன் வாசமே வீடு முழுக்க நிற்கும். நாலு பேர் குழம்புக்கு அது போதும். மீன் நாளில் இதே குழம்பில் மீனைப் போடுங்கள், வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

எண்ணெய் பாட்டிலிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றுகிற பழக்கம் மட்டும் போக வேண்டும். வாரத்துக்கான எண்ணெயை ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னப் பாட்டிலில் அளந்து வைத்து, தீர்ந்தால் அடுத்த ஞாயிறு வரை இல்லை என்று இருந்தால் அளவு தானாகவே வரும். நாலு பேருக்கு வாரம் 350 மில்லி.

இட்லி, இடியாப்பம், புட்டு எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே எண்ணெய் இல்லாத பலகாரங்கள்தான், தொட்டுக்கொள்வதில்தான் கொழுப்பு வருகிறது. இடியாப்பத்துக்குத் தேங்காய்ப் பாலுக்குப் பதில் பாசிப்பருப்பும் தக்காளியும் போட்ட தண்ணீர் சாம்பார், இட்லிக்குத் தக்காளி வெங்காயச் சட்னி, தேங்காய்ச் சட்னி ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

பயறு, பருப்பு ஒரு நாளைக்கு உங்களுக்கு நூறு கிராம், வேகும் முன் எடை. அதில் 22 கிராம் வரை புரதம் இருக்கிறது. ஒருவருக்குத் தேவை கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்தியக் கணக்கு, உங்கள் உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்துப் பார்த்தால் 55 கிராம் வேண்டும். மீதி சோறு, உளுந்து, கீரை, காய், ஒரு சின்னக் கைப்பிடி வேர்க்கடலை எல்லாவற்றிலுமிருந்து வந்துவிடும். கொள்ளு இதில் ராஜா, நூறு கிராமில் கொழுப்பு ஒரு கிராம்கூட வராது. கொள்ளு ரசம் என்று தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு வெந்த கொள்ளை மாட்டுக்கு வைக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன், மாடு நன்றாக இருக்கும். தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, பாசிப்பயறு சுண்டல்தான் மாலை ஆறு மணிக்கு, பரோட்டாக் கடை வாசம் வருகிற அதே நேரத்தில், உங்களைக் காப்பாற்றப் போகிறது. வாயுத் தொல்லை முதல் இரண்டு வாரம் இருக்கும். இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேக வையுங்கள், இஞ்சி, பெருங்காயம் சேருங்கள், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

சோற்றைப் பொறுத்தவரை, வெந்த சோறு நூறு கிராமுக்கு 130 கலோரி. மதியம் நம் ஆட்கள் சாதாரணமாக 400, 500 கிராம் போடுகிறார்கள். ஒரு வாரம் தராசில் வைத்துப் பாருங்கள், அப்புறம் தராசு வேண்டாம், கண்ணே சொல்லும். 200 கிராமில் நிறுத்திவிட்டு, தட்டில் பாதிக்குக் காயும் கீரையும். தட்டில் முதலில் காயை வையுங்கள், சோறு மிச்சம் இருக்கிற இடத்தில் உட்காரட்டும். சித்திரைக்கார் மாதிரி நம் மாவட்டத்துச் சிவப்பரிசி தவிடு போகாமல் கிடைத்தால் வாங்குங்கள், மென்று சாப்பிட வேண்டியிருப்பதாலேயே கை நிற்கும். முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் விளைகிற குதிரைவாலியும் நல்லதுதான், ஆனால் குதிரைவாலி என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று ஒரு நம்பிக்கை ஓடுகிறது, அது தப்பு. வெள்ளை வெளேரென்று தீட்டிய குதிரைவாலிக்கும் அரிசிக்கும் எடை விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கீரைக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை: முருங்கை எல்லார் வாசலிலும் நிற்கிறது. உமரிக்கீரை கிடைத்தால் உப்புப் போடாமல் சமையுங்கள், அதிலேயே உப்பு இருக்கிறது. பனங்கிழங்குக் காலத்தில் மாலைப் பலகாரத்துக்கு அவித்த கிழங்கு ஒன்று சாப்பிடலாம், நார் நிறைய. ஆனால் அதுவும் மாவுதான், அன்றைக்கு இரவுச் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

டீக்கடையில் நாலு டீ குடிக்கிற ஆளாக இருந்தால் சீனியை நிறுத்துவதே பாதி வேலை. டீக்குச் சீனி வேண்டாம் என்று ஒரு வாரம் சொன்னால் மாஸ்டரே பழகிவிடுவார்.

மீனையும் பாலையும் முழுசாக விட்டால் சில விஷயங்களைக் கவனிக்காமல் விட முடியாது. பி12 வைட்டமின் தாவரத்தில் இல்லை. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைவது உடனே தெரியாது, ஒன்றிரண்டு வருடம் கழித்துக் கால் மரத்துப் போகும், சோகை வரும், மறதி வரும். நான் சொன்ன நியூசிலாந்து ஆய்விலும் தினமும் பி12 மாத்திரை கொடுத்துத்தான் செய்தார்கள். டாக்டரிடம் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள், விலை குறைவுதான். மண்டபம், பாம்பன் பக்கம் பெண்கள் முங்கி எடுக்கிற கஞ்சிப்பாசியில் எல்லாச் சத்தும் இருக்கிறது என்று யாராவது சொன்னாலும் பாசியை நம்பிப் பி12ஐ விடாதீர்கள். ஒமேகா 3க்கு ஆளி விதையை வறுத்துப் பொடித்து ஒரு ஸ்பூன். முழுசாகத் தின்றால் வந்த வழியே போய்விடும். கால்சியத்துக்குக் கேழ்வரகு, நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல். இரும்புச் சத்து உடம்பில் சேர கீரை, பயறோடு எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம்.

இன்னொன்று நம் கடற்கரைக்கே உரியது. உப்பளம் பக்கத்தில் இருப்பதால் அயோடின் சேர்க்காத கல்லுப்பையே வருடம் முழுக்க உபயோகிக்கிற வீடுகள் உண்டு. மீன் சாப்பிடுகிற வரையில் அதிலிருந்து கொஞ்சம் அயோடின் வந்துகொண்டிருந்தது. மீனை நிறுத்தினால் அயோடின் கலந்த உப்புக்கு மாறிவிடுங்கள். தைராய்டு கோளாறு வந்தபின் எடை குறையவில்லை என்று அலைய வேண்டாம்.

அம்மா விஷயம் தனி, இங்கே அவசரப்படக் கூடாது. 2006இல் நீல் பர்னார்ட் குழு 99 சர்க்கரை நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், கொழுப்பு குறைந்த தாவர உணவு சாப்பிட்டவர்களில் 43 சதவீதம் பேருக்கு 22 வாரத்தில் மாத்திரையைக் குறைக்க முடிந்தது, வழக்கமான சர்க்கரை உணவுக்காரர்களில் 26 சதவீதம். நல்ல செய்திதான், ஆனால் மாத்திரையைக் குறைக்க வேண்டி வரும் என்பதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது: பழைய அளவு மாத்திரையை விழுங்கிக்கொண்டு சோற்றையும் எண்ணெயையும் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். அவர் சாப்பிடுவது வெறும் மெட்ஃபார்மின் என்றால் அந்தப் பயம் குறைவு, ஆனால் மெட்ஃபார்மின் பி12ஐக் குறைக்கும், அதைப் பார்க்க வேண்டும். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் தொடங்குவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து அளவை மாற்ற வேண்டும். வியர்த்து, கை நடுங்கி, படபடவென்று வந்து, சர்க்கரை 70க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், அந்த நேரத்தில் உணவுக் கட்டுப்பாடெல்லாம் பேசக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அளவு கூடிவிட்டது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் கீரையையும் பயறையும் தாங்களாகவே கூட்டக் கூடாது. அம்மாவுக்கு வயது 60 பக்கம் என்றால் எடை வேகமாக இறங்குவதும் நல்லதில்லை, தசையும் சேர்ந்து போகும்.

கல்யாணம், கந்தூரி, திருவிழா வரும். நெய்ச்சோறும் தாளிச்சாவும் வைக்கிற இடத்தில் போய் "எனக்கு எண்ணெய் ஆகாது" என்று உட்காராதீர்கள், சாப்பிட்டுவிட்டு மறுநாள் வழக்கத்துக்கு வந்துவிடுங்கள். மாதம் இரண்டு விருந்து யாரையும் குண்டாக்கியதில்லை, மற்ற 28 நாள்தான் ஆக்குகிறது. கீழக்கரைப் பக்கத்து நண்பர்கள் நோன்புக்கஞ்சி கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், நல்ல சாப்பாடு, கூட வருகிற சமோசாவையும் வடையையும் மட்டும் பக்கத்திலிருப்பவருக்குத் தள்ளிவிடுங்கள்.

முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள், அதில் பெரும்பகுதி தண்ணீர். அப்புறம் மூன்றாவது, நாலாவது வாரத்தில் மெஷின் நகராமல் நிற்கும், அப்போதும் கலங்க வேண்டாம், நாடாவைப் பாருங்கள். மாதத்துக்கு இரண்டு கிலோவுக்குள் இறங்குவது போதும். ரொம்ப வேகமாகவும் கொழுப்பே இல்லாமலும் போனால் பித்தப்பையில் கல் வர வாய்ப்பு உண்டு, அதனால்தான் உங்களைச் சொட்டு எண்ணெய் இல்லாமல் இருக்கச் சொல்லவில்லை. எடை நினைத்த அளவு குறையாவிட்டாலும் வீண் இல்லை. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு, உங்களைப் போல விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று வருடம் கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் திருத்தியவர்களுக்குச் சர்க்கரை நோயாக மாறும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை அப்படி ஒன்றும் குறையவில்லை. தினமும் அரை மணி நேரம் நடங்கள், சாப்பிட்ட பிறகு பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடந்தாலும் சரி, வெயில் தாழ்ந்து கடற்கரையில் நடந்தாலும் சரி.

இப்போதே வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி, கொழுப்பு வகைகள், கல்லீரல், தைராய்டு, பி12, இந்த ஆறையும் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். அம்மாவுக்கு அதோடு சிறுநீரகத்தைக் காட்டுகிற கிரியேட்டினினும் சேர்த்து எடுங்கள், மாத்திரைச் சீட்டையும் கையோடு டாக்டரிடம் கொண்டு போங்கள். எச்பிஏ1சி மூன்று மாதத்துக்கு முன்னால் திருப்பி எடுப்பதில் அர்த்தமில்லை, அது மூன்று மாதக் கணக்கு. திருப்பி எடுத்ததும் எழுதுங்கள். எடை எவ்வளவு என்று மட்டும் எழுதாமல் டிரைகிளிசரைடையும் எழுதுங்கள். அது 150க்குக் கீழே வந்திருந்தால் சோற்றில் கை நின்றிருக்கிறது, ஏறியிருந்தால் எண்ணெய் போன இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்று சேர்ந்து பார்ப்போம்.